மைக்கில் ஏறாத பதில்

சைலாவுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். "ஆமாம்" என்று சுகாதார அமைச்சர் இசாசி சபையில் மைக்கைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அவள் ஜெயித்து வந்த பனிக்கடல் ஓரத்து ஊரான நுவுலுக்கில் போன் வழி வைத்தியம் தோற்றுப்போனது என்று அமைச்சர் வாயாலேயே சபைக்குறிப்பில் ஏறிவிட்டால், வடக்குக் கோடி ஊர்களில் நர்ஸ்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போனை வைக்கிற திட்டம் அத்தோடு படுத்துவிடும். சொல்லாவிட்டால், இன்றோடு கூட்டத்தொடர் முடிகிறது. சபை மறுபடி கூடுவதற்குள் கடல் உறைந்துவிடும். குளிர்காலம் முழுக்க நுவுலுக் ஆஸ்பத்திரிக் கதவில் பூட்டுத்தான் தொங்கும்.

கட்சி என்பதே கிடையாது அந்தச் சபையில். உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே அமைச்சர்களைப் பொறுக்கிக்கொள்வார்கள். இசாசிக்கு ஓட்டுப் போட்டவர்களில் சைலாவும் ஒருத்தி. அவனும் இப்படியொரு கடற்கரை ஊர்க்காரன்தான், பல் வலிக்குத் தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு விமானத்துக்காகக் கிடந்தவன்தான், அவனுக்குத் தெரியாதா என்று நம்பிப் போட்டாள். பதவி வந்ததும் மனுஷனுக்கு முதுகுப்பக்கம் காது முளைத்துவிடுகிறது. பின்னாலிருந்து தெற்கத்தி அதிகாரி ஓதுவது மட்டும்தான் அதில் விழுகிறது.

மியாலி, சைலாவின் தம்பி பவுலூசிக்குப் பிறந்தவள். ஏழு வயது. செத்துப்போன அவர்கள் அம்மாவின் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருந்தார்கள். அதனால் அக்கா தம்பி இரண்டு பேருக்கும் அவள் அம்மாதான். செல்லத்துக்காக அல்ல. பெயர் வந்த இடத்தில் ஆளும் வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. "அம்மா, பல்லு தேச்சியா?" என்று பவுலூசி கேட்பான். "அதெல்லாம் ஆச்சு மகனே, நீ தேச்சியா?" என்று அந்தக் குட்டி பெரிய மனுஷி மாதிரி திருப்பிக் கேட்கும்.

போன வசந்தத்தில் அவளுக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. விடுப்பில் தெற்கே போன நர்ஸுக்கு மாற்று ஆள் வரவில்லை. பூட்டிய கதவில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் பவுலூசி போன் போட்டான். எங்கோ ஒரு பெரிய நகரத்திலிருந்து டாக்டர் பேசினார். நல்ல மனுஷர்தான், பொறுமையாகத்தான் விசாரித்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, பிள்ளையிடமே கேட்டார். அவளுக்குப் பள்ளிக்கூட இங்கிலீஷ் நன்றாகவே புரியும்.

"கண்ணு, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலிக்குதா?"

மியாலி பதில் சொன்னாள். பவுலூசி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, தண்ணி நிறைய குடுங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்றார் டாக்டர். எல்லாம் தெரிந்துதானே சொல்கிறார் என்று இவனும் போனை வைத்துவிட்டான். மறுநாள் பனிப்புயல் கட்டிக்கொண்டது. புயல் ஓய்ந்து விமானம் இறங்கியபோது அதில் ஏற்ற மியாலி உயிரோடு இல்லை.

துறை விசாரணை நடத்தியது. "வலி இல்லை என்றே நோயாளி தெரிவித்தார், தொலைபேசிச் சேவை முறையாகவே இயங்கியது" என்று அறிக்கை வந்தது. பவுலூசி கொதித்துப்போனான்.

"பொய்க்கா! அவ வலிக்குதுன்னு சொன்னா. என் பக்கத்துல உக்காந்து சொன்னா!"

சைலா மாதக்கணக்கில் மல்லுக்கட்டி அந்த ஒலிப்பதிவை வாங்கினாள். போன வாரம் ஊருக்கு எடுத்துப்போய், தம்பி வீட்டுச் சமையலறை மேஜையில் வைத்து இருவருமாகக் கேட்டார்கள். டாக்டரின் கேள்வி இருந்தது. அதற்குப் பிறகு ஒரு இருமல், வெளியே பனிவண்டி ஒன்று போகிற இரைச்சல். அப்புறம் "வலி இல்ல போல" என்று டாக்டர் தனக்குத்தானே முணுமுணுப்பது.

"எங்கடா சொன்னா? எப்படிச் சொன்னா?"

பவுலூசி வாயைத் திறக்கவில்லை. இரண்டு புருவத்தையும் நெற்றிக்கு ஏற்றிக் காட்டினான்.

அவர்கள் பக்கத்தில் ஆமாம் என்றால் அதுதான். இல்லை என்றால் மூக்கைச் சுளிப்பார்கள். பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அது தெரியும். காட்டிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கணும்க்கா. பக்கத்துலயே மரம் மாதிரி உக்காந்திருந்தேனே. போனுக்குக் கண்ணு கிடையாதுன்னு எனக்குத் தோணவே இல்லையே."

அவன் மேஜையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். சைலாவுக்கு அழக்கூட வரவில்லை. ஒரே அம்மாவை இரண்டு தடவை பறிகொடுத்தவள் யாரிடம் போய்ச் சொல்லி ஆற்றிக்கொள்வாள்?

இன்று காலை சபைக்குள் போவதற்கு முன்னால் காப்பி மெஷின் பக்கத்தில் இசாசியைப் பிடித்தாள்.

"என்ன சைலா, இன்னிக்கும் என்னை வறுக்கப் போறியா? போன தடவை வறுத்த சூடே இன்னும் ஆறல."

"வறுக்கல. ஒரு கேள்வி கேப்பேன். ஆமான்னு மட்டும் சொல்லிடு."

"சொல்லிட்டு நர்ஸுக்கு நான் எங்க போறது? பனியில பிடிச்சு வைக்கட்டுமா?"

"நர்ஸ் இல்லன்னா இல்லன்னு சொல்லு. போனைக் காட்டி அதுதான் நர்ஸுன்னு சொல்லாத. எங்கம்மாவ உனக்குத் தெரியும் இசாசி. நீ எங்க ஊருக்கு வந்தப்ப உன் மடியில ஏறி உக்காந்து, உன் மான் சூப்ப முழுசும் குடிச்சிட்டு, கிண்ணத்த உன் கையில குடுத்தாளே."

இசாசியின் சிரிப்பு நின்றுவிட்டது. கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினருக்கு ஒரு கேள்வி, அதன்மேல் மூன்று கிளைக் கேள்விகள், அவ்வளவுதான். முதல் மூன்றுக்கும் அதிகாரி கொடுத்த தாளிலிருந்து இசாசி வாசித்தான். நிதி நிலை, ஆள் பற்றாக்குறை, நவீனத் தொழில்நுட்பம். சைலா கடைசித் தடவையாக எழுந்தாள்.

"சபாநாயகர் அவர்களே, வலிக்குதான்னு நம்ம ஊர்ப் பிள்ளைகிட்ட கேட்டா அது புருவத்தத்தான் தூக்கும். மியாலியும் அப்படித்தான் ஆமான்னு சொன்னா. போன்ல அது போய்ச் சேரல, பிள்ளை செத்துப்போச்சு. அமைச்சரும் இப்படிப் பதில் சொல்லி வளந்தவர்தான். நான் சொல்றது உண்மைதான்னு அவருக்குத் தெரியுமா?"

இசாசி தாளைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். பார்த்தபடியே அவன் புருவங்கள் இரண்டும் மெல்ல மேலே ஏறின.

யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, தன்னால் வந்தது. எதிர்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். சைலாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்குள் பின்னாலிருந்து அதிகாரி கனைத்தார். இசாசி கண்ணைத் தாழ்த்திக்கொண்டு மைக் பொத்தானை அழுத்தினான்.

"இந்தக் கேள்விக்கு எழுத்து மூலம் பிறகு பதில் தருகிறேன்."

"அமைச்சர் ஆமான்னு சொல்லிட்டார்!" சைலா கத்தினாள். "எல்லாரும் பாத்தீங்களே! குறிப்புல ஏத்துங்க!"

"மைக்கில் வந்ததுதான் குறிப்பில் ஏறும்," என்றார் சபாநாயகர். அவரும் அதே பனியில் வளர்ந்தவர்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "உறுப்பினரின் கேள்விகள் முடிந்தன."

"இசாசி, வாயத் திறந்து சொல்லுடா! உன் கால்ல வேணா விழறேன்!"

அவள் மைக்கை எப்போதோ அணைத்துவிட்டிருந்தார்கள்.

நடைபாதைக்கு வந்து சுவரில் சாய்ந்தாள். பையில் போன் அடித்தது. பவுலூசி.

"டிவியில பாத்தேன்க்கா. காமிரா உன்னை மட்டும்தான் காட்டுச்சு. அவன் மூஞ்சி தெரியவே இல்ல." அவன் மடியில் இருந்த கைக்குழந்தை, மியாலியின் தங்கை, இருமுவது கேட்டது. "இவளுக்கும் ரெண்டு நாளா நெஞ்சு கட்டியிருக்கு. நர்ஸ் வருவாங்களாக்கா?"

சைலா பதில் சொன்னாள்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. குழந்தை மறுபடி இருமியது. தம்பி ஏன் பேசமாட்டேன் என்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"அக்கா," என்றான் பவுலூசி, ஒவ்வொரு சொல்லாக. "இப்ப நீ பண்ணினது புருவமா, மூக்கா?"

போன வசந்தத்தில் யாராவது இதை ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

"மூக்குடா," என்றாள் சைலா.