அருஞ்சுனையின் நத்தைகள்

சுப்பம்மாள் அத்தை மிட்டாய் பாட்டிலைக் கவிழ்த்தபோது பாடை தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. தண்ணீரோடு பாசியும் நத்தைகளும் முற்றத்து மண்ணில் விழுந்தன.

"அத்தே! என்ன செஞ்சீக?" தங்கலட்சுமி ஓடிவந்தாள்.

"சாவு விழுந்த வீட்டுல பழந்தண்ணி ஒரு சொட்டு இருக்கக்கூடாதுத்தா. குடம், தவலை எல்லாம் ஊத்தியாச்சு. இது ஒண்ணுதேன் பாக்கி."

"அது அக்கா நத்தை வளத்த தண்ணி."

"தண்ணி தண்ணிதேன? மூலத்துக்கு ஆகும்னு அவிச்சுத் தின்னாலும் ஒரு ஞாயம். ஊருல கோழி வளப்பாக, ஆடு வளப்பாக. உங்கக்கா நத்தை வளத்தா."

தங்கலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு மண்டியிட்டாள். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாட்டிலில் போட்டாள்.

அக்கா அருஞ்சுனைக்குப் பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலம் பாரிக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணப் பேச்சு எழவே இல்லை. அப்பா பெட்டிக்கடையிலிருந்து விளிம்பு உடைந்த மிட்டாய் பாட்டிலைக் கொடுத்தார். ஊருணி நத்தைகளைத் தங்கலட்சுமி கொண்டுவந்து கொடுத்தாள். முதலில் விட்டதெல்லாம் செத்து நாறியது. சோற்றுப் பருக்கை போட்டதால் நாறியது என்று அருஞ்சுனையே கண்டுபிடித்தாள். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை இருந்தால் நத்தை சாகும். வாயகன்ற சட்டியில் இரண்டு நாள் வைத்து ஊற்றினால் பிழைக்கும். மொத்தத் தண்ணீரையும் மாற்றக் கூடாது, கால் பங்குதான். ஓடு வெளுத்தால் கோழிமுட்டை ஓட்டைப் பொடித்துப் போட வேண்டும். கூட்டம் பெருத்தால் பாதியை ஊருணிக்கே அனுப்ப வேண்டும். ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. உட்கார்ந்த இடத்தில் நாலு வருஷம் பார்த்தாள், அவ்வளவுதான்.

டவுன் கல்லூரியில் விலங்கியல் படித்த தங்கலட்சுமி அதையெல்லாம் தன் ரெக்கார்டு நோட்டில் எழுதினாள். "நீயாப் பாத்ததாம்மா?" என்று பேராசிரியர் கேட்டார். "ஆமா சார்" என்றாள். முழு மார்க். வீட்டில் வந்து சொன்னபோது அருஞ்சுனை சிரித்தாள். "முட்டை பொரிக்கப் பன்னெண்டு நாளுன்னா எழுதுன? மழைக்காலம்னா பதினஞ்சு ஆகும்டி. திருத்து."

பாட்டிலின் உள்பக்கக் கண்ணாடியில், அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில், வெந்த ஜவ்வரிசி போல ஒரு முட்டைத்திட்டு ஒட்டியிருந்தது. நேற்று மத்தியானம் மூச்சு இழுத்துக்கொண்டே அதைக் காட்டியிருந்தாள் அக்கா. "ரெண்டு நாள்ல வந்துரும். உள்ள சுத்துது பாரு."

நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கிப் பொழுது ஓட்டும். முட்டை காய்ந்தால் போச்சு. பாசியை அள்ளி அதன்மேல் அப்பிவிட்டு எழுந்தாள்.

"பக்கத்து வீட்டுல ஒரு செம்பு தண்ணி வாங்குத்தா" என்றாள் அம்மா. அழுது அழுது அவளுக்குத் தொண்டை போயிருந்தது.

"அது இன்னிக்கு வந்த குழாய்த் தண்ணிம்மா. செத்துரும். ஊருணியில குளிச்சிட்டு வரும்போது ஒரு செம்பு கொண்டாறேன்."

"செம்பைத் தொடாத!" அத்தை குறுக்கே நின்றாள். "சாவுத் துட்டி குளிக்கப் போறவ வெறுங்கையாப் போயி வெறுங்கையா வரணும். தண்ணி கொண்டாந்தா சாவும் கூடவே வரும்."

"எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"படிச்ச திமிருடி உனக்கு. உங்காத்தாளக் கேளு."

தங்கலட்சுமி அம்மாவைப் பார்த்தாள். "இன்னிக்கு மட்டும் வேணாம்த்தா" என்றாள் அம்மா. நேற்றுவரை இரண்டு பிள்ளை வைத்திருந்தவள். தங்கலட்சுமி செம்பை வைத்துவிட்டாள்.

ஊருணியில் கார்த்திகை மழைத் தண்ணீர் இடுப்பளவு கிடந்தது. பெண்கள் மூன்று முழுக்குப் போட்டுக் கரையேறிச் சேலையைப் பிழிந்தார்கள். தங்கலட்சுமி பிழியவில்லை. நூல் சேலை தண்ணீர் குடித்துக் கல்லாய்க் கனத்தது. முந்தியைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

"சேலையப் பிழியாம எங்கடி ஓடுற? சன்னி வந்துரும்!" அத்தையின் குரல் பின்னால் துரத்தியது.

முற்றத்தில் பாட்டிலுக்கு மேல் முந்தியைப் பிடித்து முறுக்கினாள். கலங்கல் தண்ணீர் ஒழுகியது. கொசுவத்தை உருவி அதையும் முறுக்கினாள். கை வலித்தது. தண்ணீர் முட்டைக்கு ஒரு விரல் கீழே நின்றுவிட்டது.

அத்தை வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வசவு வரும் என்று தங்கலட்சுமி காத்திருந்தாள்.

"குழாய்த் தண்ணி ஆகாதுன்னியே. காலேசுல சொல்லிக்குடுத்தாகளா?"

"இல்ல அத்தே. அக்கா கண்டுபிடிச்சது. எல்லாமே அவ கண்டுபிடிச்சதுதான்."

அத்தை பக்கத்தில் வந்து குந்தினாள். அவளுடைய சேலையும் சொட்டிக்கொண்டிருந்தது. அவளும் பிழியாமலே ஓடிவந்திருந்தாள். முந்தியின் ஒரு நுனியைத் தங்கலட்சுமியிடம் நீட்டினாள். மறு நுனியைத் தான் பிடித்தாள். ஆளுக்கொரு பக்கமாக முறுக்கினார்கள்.

தண்ணீர் மெல்ல ஏறி முட்டையை மூடியது.