மீசை வைத்த பேய்

எதிர்வீட்டு ஜானகிராமன் பேயைத் தலைகீழாகப் பிடித்து டீயில் முக்கியபோதுதான் ஹேமலதா பார்த்தாள். மாமனாரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு வாசல் நேராகத் தெரிந்தது. ஷாமியானாவின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருந்த அத்தனை பேர் கையிலும் ஒரு டீ கிளாஸ், ஒரு பிஸ்கட். பக்கத்து வீட்டு ஜெயசித்ரா தட்டைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் விடாமல் நீட்டிக்கொண்டிருந்தாள். தட்டில் இன்னும் பத்துப் பதினைந்து வெள்ளைப் பேய்களும் நாலைந்து மண்டையோடுகளும் கிடந்தன.

அடிப்பாவி என்று வாய்வரை வந்துவிட்டது. கத்த முடியாது. எழுந்து ஓடவும் முடியாது. இரண்டு பக்கமும் பெண்கள் அவள் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். தவளக்குப்பத்திலிருந்து விடிந்தும் விடியாமலும் வந்து சேர்ந்த நாத்தனார் செல்வாம்பாள் தலைமாட்டில் இருந்தாள். மாமனார் செத்துக் கிடக்கும்போது பிஸ்கட்டுக்கு ஆலாய்ப் பறந்தாள் மருமகள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் ஆயுசுக்கும் போகாது.

ஜெயசித்ராவைச் சொல்லியும் குற்றமில்லை. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று காலையிலிருந்து தன் வீட்டில் டீ போட்டுக் குண்டானில் சுமந்து வருகிறவள் அவள்தான். கிளாஸ் தேடி உள்ளறைக்குப் போனவள் கண்ணில் அட்டை டப்பாக்கள் பட்டிருக்கும். ஹேமலதாவின் புருஷன் விஜயராகவன்தான், துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக பேக்கரியில் வாங்கி வைத்தது என்று நினைத்திருப்பாள். நல்ல மனசுக்காரி. அந்த நல்ல மனசை நாலு சாத்து சாத்தினால் தேவலை போல இருந்தது ஹேமலதாவுக்கு.

அறுபது பிஸ்கட். பீச் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் பிரெஞ்சுக்கார மதாம் ஒருத்தி, பிள்ளைகளுக்கு ஹாலோவீன் என்று ஏதோ பேய்த் திருநாள் கொண்டாடுகிறாளாம், அதற்குக் கேட்டது. இன்றைக்கு மூன்று மணிக்கு டிரைவர் வந்து வாங்கிப் போவதாகப் பேச்சு. நன்றாக இருந்தால் டிசம்பர் முழுக்க கிறிஸ்துமஸ் பிஸ்கட்டும் உன்னிடம்தான் என்று மதாம் சொல்லியிருந்தாள். விஜயராகவனோ வேறு மாதிரிச் சொல்லியிருந்தான். இந்த ஒரு ஆர்டர் ஒழுங்காகப் போனால் பார்க்கலாம், இல்லாவிட்டால் அந்த ஓவனைத் தூக்கி என் சிநேகிதனுக்குக் கொடுத்துவிடுவேன், வீட்டில் உட்கார்ந்து பேயும் பிசாசும் செய்கிற பிழைப்பு நமக்கு வேண்டாம் என்றான்.

மூன்று நாளாக அவள் படாத பாடு இல்லை. ஐப்பசி மழை விட்டபாடில்லை. முட்டை வெள்ளையில் சர்க்கரைத் தூளை அடித்துப் பூசிய ஐசிங், ஈரக் காற்றில் காய்வேனா என்றது. ஃபேன் போட்டால் கரண்ட் போயிற்று. கரண்ட் வந்தால் எறும்பு வந்தது. பேய் அச்சு எங்கேயும் கிடைக்காமல், பால்பவுடர் டின்னை வெட்டி அவளே வளைத்தாள். விரலில் இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டதுதான் மிச்சம்.

அதற்கு நடுவில்தான் நேற்று சாயங்காலம் மாமனார் ராஜாங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மேசை எதிரே உட்கார்ந்தார். முப்பது வருஷம் மில்லில் வாட்ச்மேனாக இருந்தவர். போன வருஷம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்து எழுந்தபோது, உடம்பில் பழையபடி இருந்தது அந்த முறுக்கு மீசை ஒன்றுதான். பிஸ்கட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"காலு இல்லியே. அப்ப இது நம்மூரு பேயிதான்" என்றார்.

ஹேமலதா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சர்க்கரை வியாதிக்காரர், கேட்டாலும் கொடுக்க முடியாது. அவர் கேட்டது வேறு.

"நான் திங்க மாட்டம்மா. ஒண்ணுக்கு நான் கண்ணு வெக்கறேன். ஒண்ணே ஒண்ணு."

விட்டால் தொணதொணத்துக்கொண்டே இருப்பார் என்று ஒரு பேயையும் கறுப்பு ஐசிங் கோனையும் தள்ளிவிட்டு, அடுப்பில் கொதித்த ரசத்தை இறக்கப் போனாள். வந்து பார்த்தால் கண் ஒன்று நெற்றியில், இன்னொன்று கன்னத்தில். அதற்குக் கீழே, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை, இரண்டு முனையும் மேலே சுருட்டிவிட்ட ஒரு மீசை. நடுங்கும் கையால் போட்டதில் மீசை நெளிந்து நெளிந்து போயிருந்தது.

"பேய்க்கு மீசையா மாமா?"

"ஆம்பள பேயின்னு வேற எப்பிடி தெரியும்?"

அவர் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணக்காக அறுபதுக்குத்தான் மாவு பிசைந்திருந்தாள். இனி ஒரே ஒரு பிஸ்கட்டுக்காக மறுபடி பிசைய வேண்டும், மறுபடி ஓவன் சூடேற்ற வேண்டும். "உங்களால ஒண்ணு கொறையுது பாருங்க. ஒதவி பண்ணாங்காட்டியும் போவுது, போய் படுங்க" என்றாள். அவர் ஐசிங் கோனை மேசைமேல் வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். அந்தப் பிஸ்கட்டை அவள் ஒரு சாசரில் போட்டு ஃப்ரிட்ஜ் மேல் தள்ளிவிட்டாள். காலையில் சர்க்கரை போடாத காப்பியோடு போய் எழுப்பினபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

போய் படுங்க. அவரிடம் அவள் கடைசியாகச் சொன்னது அதுதான். காலையிலிருந்து அந்த இரண்டு வார்த்தை அவளைப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தது. அழலாம் என்றால் அழுகையும் வந்து தொலையவில்லை.

வாசலில் ஜெயசித்ரா இரண்டாவது டப்பாவைப் பிரித்தாள். ராஜாங்கத்தின் ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். குரங்கு மூஞ்சி என்றார் ஒருத்தர். ஒரு கிழவர் பேயை வாங்கி, முட்டையில் கண் வைத்தாற்போல இருக்கிறதே என்று சொல்லி ஒரே வாயில் போட்டுக்கொண்டார். டவுன் பக்கம் சாவுக்குக்கூட நல்ல பிஸ்கட்டாகத்தான் கொடுக்கிறார்கள் என்று யாரோ மெச்சியது காதில் விழுந்தது. மூன்று நாள் உழைப்பு.

ஹேமலதா வாசலில் நின்ற விஜயராகவனைப் பார்த்துக் கண்ணால் சாடை காட்டினாள். அவன் பக்கத்தில் வந்து குனிந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏங்க, பிஸ்கட்டு..."

"குடுத்துனுதான் இருக்காங்க. எல்லாருக்கும் போவுது. நீ அதெல்லாம் யோசிக்காத" என்று அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். ஆர்டர் என்ற ஒன்று இருந்ததே அவனுக்கு நினைவில் இல்லை. பெற்ற தகப்பனைப் பறிகொடுத்தவனை என்னவென்று கோபித்துக்கொள்வது? அந்தக் கோபத்தையும் அவளே விழுங்க வேண்டியிருந்தது.

மூன்று மணிக்கு மதாமின் டிரைவர் ராமலிங்கம் வந்தான். தெருமுனையிலேயே காரை நிறுத்திவிட்டு, ஷாமியானாவைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினான். வாசலில் நின்று பிணத்தைப் பார்த்துக் கும்பிட்டான். ஜெயசித்ரா அவனுக்கும் ஒரு பேயை நீட்டினாள். அவன் அதை உற்றுப் பார்த்தான், பிறகு உள்ளே ஹேமலதாவைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓவன் போயிற்று, டிசம்பர் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மாமனாரின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே மேளம் தொடங்கியது. குளிப்பாட்டி, புது வேட்டி சுற்றி, வாய்க்கரிசியும் போட்டாயிற்று. தண்ணீர் பட்டு மீசை தொங்கிவிட்டது என்று செல்வாம்பாள் துளி எண்ணெய் தொட்டு இரண்டு முனையையும் முறுக்கிவிட்டாள். அப்படியே தடுமாறிச் சரிந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவள் வாயில் படவில்லை. ஜெயசித்ரா உள்ளே ஓடினாள். வரும்போது கையில் ஒரு சாசர்.

"டப்பாவுல எல்லாம் ஆயிடுச்சுக்கா. ஃப்ரிட்ஜ் மேல இது ஒண்ணுதான் இருந்துது. வாயில போட்டு தண்ணி குடிங்க."

செல்வாம்பாள் பார்க்காமலேயே அதை எடுத்தாள். ஹேமலதா எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தோளைக் கட்டியிருந்த கைகளை உதறிவிட்டுப் பிணத்தின் மேலாக எட்டி நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அது வேணாம் அண்ணி. குடுத்துடுங்க."

ஒப்பாரி நின்றது. அத்தனை பெண்களும் பார்த்தார்கள்.

"இன்னாடி இது?" என்றாள் செல்வாம்பாள். "எங்கப்பா இங்க கெடக்குறாரு, ஒனக்கு பிஸ்கட்டு கேக்குதா?"

ஹேமலதா அந்த விரல்களிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கி முந்தானையால் மூடிக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். வாசலில் விஜயராகவன் அவமானத்தில் தலையைத் திருப்பிக்கொண்டான். பிணத்தைத் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனை வரை ஓடி விழுந்து புரண்டு திரும்பினார்கள். அவளும் ஓடினாள், ஒரு கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே.

வீட்டைக் கழுவிவிட்டு, பெண்கள் ஒவ்வொருத்தராகப் பின்கட்டுத் தொட்டியில் தலை முழுகினார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஹேமலதாவின் முறை வந்தது. உட்கார்ந்து ஒரு கையால் சொம்பை மொண்டு ஊற்றினாள். மற்றக் கையைத் தண்ணீர் படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். உள்ளங்கை வியர்வையில் ஐசிங் பிசுபிசுத்திருந்தது.

ஈரத்தலையோடு நின்றிருந்த செல்வாம்பாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்படி என்னதான் அதில் வைத்திருக்கிறாய் என்று வந்து கையைப் பிரித்தாள். நெற்றியில் ஒரு கண், கன்னத்தில் ஒரு கண். அதற்குக் கீழே நெளிநெளியாக, முனை சுருண்ட மீசை.

செல்வாம்பாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கட்டை விரலில் மீசைக்குத் தடவிய எண்ணெயின் பளபளப்பு இன்னும் இருந்தது.

"எப்ப?" என்றாள்.

"நேத்து சாயந்தரம்."

செல்வாம்பாள் பிஸ்கட்டை உடையாமல் எடுத்துக்கொண்டாள். மாற்றிக்கொள்ள வைத்திருந்த உலர்ந்த புடவையை விரித்து, அதற்குள் தூறல் படாமல் ஏந்திக்கொண்டாள்.

"ரெண்டு கையாலயும் ஊத்திக்க" என்றாள். ஹேமலதா ஊற்றி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.