பட்டில் கட்டிய ஸ்டாண்டு

தன் பெண்சாதி அம்மணி எப்படிச் செத்தாள் என்பதை எல்லப்பன் தனசேகரனிடம் மட்டும்தான் முழுதாகச் சொன்னான். நிலக்கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தவளைக் காட்டுப்பன்றி வயிற்றில் குத்தியது. விழுந்தவளை விடாமல் மறுபடியும் குத்தியது. எல்லப்பன் வீசிய மண்வெட்டியில் அதன் காது கிழிந்தது. அது ஓடிய பிறகு பார்த்தால், அவள் குடலை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அப்பக்கூட, செடிய மிதிச்சிகினு வராதய்யான்னு சொன்னா, மொதலாளி.”

நிலம் தனசேகரனுடையது. ஆரணியில் பட்டு வியாபாரம் செய்கிறவனுக்கு மலையடிவாரத்தில் அப்பா விட்டுப்போன சொத்து அது. அங்கே காவல் இருந்து பயிர் வைப்பவன் எல்லப்பன். அப்பா விட்டுப்போன இன்னொன்று லைசென்ஸ் வைத்த ரைஃபிள்.

“அந்தப் பன்னிய நானே சுட்டுக் குடுக்கறேன், எல்லப்பா. இது என் வார்த்தை,” என்றான் தனசேகரன்.

வார்த்தையைக் கொடுத்துவிட்டான். கை ஒத்துழைக்க வேண்டுமே. இளவயதில் பவர்லூம் பெல்ட் அவனுடைய இடது மணிக்கட்டை முறுக்கிப் போட்டிருந்தது. துப்பாக்கிக் குழாயை அந்தக் கையில் தாங்கினால் மூச்சு இரண்டு விடுவதற்குள் நடுக்கம் பிடித்துக்கொள்ளும். வரப்பில் மணல் மூட்டை அடுக்கி அதன்மேல் வைத்துச் சுடலாம் என்றால், பன்றி என்ன மூட்டைக்கு எதிரில் வந்து நிற்குமா? போகிற இடத்துக்கெல்லாம் கூட வருகிற ஒன்று வேண்டும், லேசாக வேண்டும், சட்டென்று விரிய வேண்டும்.

தறி ரிப்பேர் செய்யும் ஜீவானந்தம் அலுமினியக் குழாயில் மூன்று கால் வைத்து ஒரு ஸ்டாண்டு செய்து கொடுத்தான். தலையில் கவட்டை, அதில் துப்பாக்கிக் குழாய் உட்காரும். மடக்கினால் குடை மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளலாம். எல்லாம் சரி, மூன்று காலும் சேருகிற இடத்தில் போட்ட போல்ட்டு நட்டுதான் தொல்லை. விரிக்கும்போது கடகடவென்று சத்தம். பன்றிக்குக் கண் மந்தம், காது பாம்புக் காது.

“நட்டை இறுக்கினா விரியல, தளர்த்தினா கத்துது. பேஜாரா கீது,” என்று தலையைச் சொறிந்தான் ஜீவானந்தம்.

“அத்த கழட்டிப் போடு. பட்டு நூல்ல கட்டு. சத்தமும் இல்ல, பாரமும் இல்ல,” என்றான் தனசேகரன்.

அந்த ஊரில் அறுந்த செருப்பைக்கூடக் கழிவுப் பட்டில்தான் கட்டுவார்கள். தனசேகரனுக்கோ பட்டின்மேல் இருந்த நம்பிக்கை சாமிமேல்கூடக் கிடையாது. மழைக்காலத்தில் நெசவாளிகள் புடவையை விரித்து, ஈரத்தில் தறியின் பாவு நூல் தளர்ந்துவிட்டது, அதனால்தான் நெசவு இளகிவிட்டது என்பார்கள். புடவையை அவர்கள் மடியிலேயே விட்டெறிவான். “கை தளர்ந்துச்சுன்னு சொல்லு. பட்டுமேல பழி போடாத.” ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கடையே சிரிக்கும்படி ஒரு வார்த்தையும் சேர்ப்பான். வருடா வருடம் இந்தக் கூத்து உண்டு.

நல்ல வெயில் காலத்தில் கமண்டல நாகநதி மணலில் ஸ்டாண்டைச் சோதித்தான். தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான். படுத்து, மண்டியிட்டு, நின்று, ஒவ்வொரு வாட்டத்திலும் விரித்துப் பார்த்தான். சரிவில் வைத்தான். கவட்டையில் செங்கல்லைத் தொங்கவிட்டுக் காலால் உதைத்தான். பட்டு முடிச்சு அசையவில்லை. பிறகு தூரத்தில் பழம்பானைகளை வைத்துச் சுட்டான். ஒவ்வொன்றாகத் தூள் தூளாயின. கை நடுங்கியது, ஆனால் குழாய் நடுங்கவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் பட்ட அவமானம் கொஞ்சமா?

“கம்பெனிக்காரன்கூட இந்த மாதிரி செய்ய மாட்டான், ஜீவா,” என்றான்.

ஐப்பசியில் கடலை முற்றியது. பன்றி திரும்பி வந்துவிட்டதாக எல்லப்பன் ஆள் அனுப்பினான். தனசேகரன் போய்ச் சேர்ந்தபோது காலையிலிருந்து தூறல் விட்டபாடில்லை. எல்லப்பன் ஈட்டியோடு நின்றிருந்தான்.

“நீ ஊட்டாண்ட இரு, எல்லப்பா.”

“அது சாவறத நான் பாக்கணுங்க.”

இருவரும் பாறையோரமாக நனைந்துகொண்டு குந்தியிருந்தார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே அது வந்தது. முன்னங்காலால் செடியைப் பறித்துக் கொட்டையை மென்றது. கூப்பிடு தூரம்கூட இல்லை. தனசேகரன் ஸ்டாண்டை விரித்தான், சத்தமே இல்லை. குழாயைக் கவட்டையில் வைத்துக் காதுக்குப் பின்னால் குறி பார்த்து விசையை அழுத்தினான்.

அழுத்திய அந்தக் கணத்தில் ஒரு கால் வழுக்கியது. குண்டு பன்றியின் பின்தொடையைப் பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த குண்டை ஏற்றி மறுபடி குழாயை வைத்தான். மூன்று காலும் அகன்று ஸ்டாண்டு சேற்றில் படுத்துவிட்டது. முடிச்சு அவிழவில்லை, அறுந்துபோகவும் இல்லை. நாள் முழுக்க நனைந்த பட்டு இளகித் தொளதொளவென்று கிடந்தது. நெசவாளிகள் சொன்ன அதே தளர்ச்சி. அவன் வெயிலில்தான் சோதித்திருந்தான்.

பன்றி நேராக அவன்மேல் வந்தது. எல்லப்பன் குறுக்கே பாய்ந்தான். ஈட்டி அதன் தோளில் இறங்கியது, அதன் கோரைப்பல் அவன் தொடையின் உள்பக்கத்தில் இறங்கியது. தலையை ஒரு முறை மேலே உதறியது. தொடை இடுப்புவரை கிழிந்தது. எல்லப்பன் விழுந்தும் ஈட்டியை விடவில்லை. தனசேகரன் சேற்றில் புதைந்த துப்பாக்கியை விட்டுவிட்டு ஸ்டாண்டை எடுத்து அதன் மூஞ்சியில் அடித்தான். அலுமினியம் கரும்புத் தட்டை மாதிரி வளைந்தது. ஈட்டியைப் பிடுங்கித் தொண்டையில் குத்தினான். குத்தினான். அதன் அலறல் நின்று கால் உதைப்பது ஓய்ந்த பிறகும் குத்திக்கொண்டே இருந்தான்.

“மொதலாளி,” என்று எல்லப்பன் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான்.

தொடையிலிருந்து ரத்தம் விட்டுவிட்டுப் பீச்சியது. துண்டைச் சுற்றினான், நொடியில் சிவந்தது. மேலே இறுக்கிக் கட்ட ஏதாவது வேண்டும். கை தானாக ஸ்டாண்டில் இருந்த பட்டுக் கயிற்றை உருவியது. ஆயுசு முழுக்க நம்பியதைத்தானே ஆபத்தில் கை தேடும். பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டான். ரத்தத்தில் ஊறி அது இளகியது. மறுபடி இறுக்கினான். மறுபடி இளகியது. கடைசியில் கயிற்றை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் அழுத்தினான். ஊர்ப்பக்கம் பார்த்துக் கத்தினான். இடது கை நடுங்கியது. அந்தக் கையின் கீழிருந்து ரத்தம் வழிந்துகொண்டே இருந்தது.

“செத்துச்சா?”

“செத்துச்சு.”

“காத பாத்தீங்களா? கிழிஞ்சிகிதா?”

திரும்பிப் பார்க்கக் கையை எடுக்க வேண்டும். “கிழிஞ்சிகிது, எல்லப்பா,” என்று பார்க்காமலே சொன்னான். எல்லப்பன் தலையை ஆட்டினான். ஆட்கள் ஓடி வருவதற்குள் அவன் உடம்பு சில்லிட்டுவிட்டது.

அவர்கள் தன்னைத் தூக்கி நிறுத்தியபோதுதான் தனசேகரன் பன்றியைப் பார்த்தான். காது கிழிந்துதான் இருந்தது. கொடுத்த வார்த்தை தப்பவில்லை.

கார்த்திகையில் கடைக்கு நெசவாளி வேலு புடவை கொண்டுவந்தான். விரித்தால், முந்தானை ஓரத்தில் நெசவு இளகி இருந்தது. ஏச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டான்.

“மழைங்க. பாவு தளர்ந்து போச்சுங்க.”

தனசேகரன் புடவையைக் கையில் எடுத்தான். கடையில் எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

“ஆமா, வேலு,” என்றான். “தளரும்.”