நாரையின் இடத்தில் கரடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மரச்சட்டத்துக்காகத்தான் அந்தப் படத்தை வாங்கினேன். ஜெர்மனியில், ஆக்ஸ்பர்க் நகரத்துச் சனிக்கிழமைச் சந்தையில், மழைக்கு ஒதுங்கிய கடையில். வீட்டில் துடைத்தபோதுதான் பார்த்தேன், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய செப்புத்தகட்டு அச்சு. ஓர் இளவரசருக்குக் கல்யாணம். மணமக்கள் தலைக்கு மேல் இரண்டு கேடயங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு நாரை, பெண் வீட்டுக்குக் கரடி. பார்ப்பவருக்கு இடப்பக்கம் மாப்பிள்ளை வீட்டுச் சின்னம் நிற்க வேண்டும். அங்கே கரடி நிற்கிறது.

(அதற்கென்ன என்கிறீர்களா? எந்தச் சின்னம் முதலில் நிற்கிறதோ அந்தக் குலம்தான் ஆள்கிறது என்று மற்ற அரண்மனைகள் படித்துக்கொள்ளும். நம் கல்யாணப் பத்திரிகையில் பெயர் வரிசை மாறினால் நடக்கும் கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இதில் பீரங்கி வேறு உண்டு.)

2

செப்புத்தகட்டின் மேல் காலைச் சூரியன் தன் பொன்னிறக்...

வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

செதுக்கியவள் யூஃப்ரோசினா, கெட்லரின் விதவை: சட்டத்தின் பின்னால் ஒட்டிய பழைய சீட்டு சொல்வது அவ்வளவுதான், மற்றது என் கற்பனை. கணவர் கெட்லர் இறந்து ஒரு வருஷம். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குள் தொழில் தெரிந்த ஒருவனைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பட்டறையை மூட வேண்டும் என்று செதுக்குநர் சங்கம் சொல்லிவிட்டது. இளவரசருக்கு இந்தப் படம் பிடித்துப்போய் 'அரண்மனைச் செதுக்குநர்' பட்டம் கிடைத்தால் யாரையும் கட்டவேண்டியதில்லை.

3

தகட்டில் எல்லாவற்றையும் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும், தாளில் சரியாகிவிடும். முகங்களை மாற்றினாள், எழுத்துகளை மாற்றினாள். கேடயங்களின் மாதிரி கடைசியில் அரண்மனைக் கடிதத்தில் வந்தது. அவசரத்தில் பார்த்தபடியே செதுக்கிவிட்டாள். அச்சு இழுக்கும் ஃபைட் முதல் தாளை உரித்தெடுத்தான்.

"முதலாளியம்மா, நாரையோட எடத்துல கரடி நிக்குது."

"நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பாத்தேன். இளவரசர் வீட்டோட மாப்பிள்ளை ஆயிட்டாரு."

"அரண்மனைச் செயலர் எப்ப வர்றாரு?"

"கீழ குதிரையக் கட்டிட்டு இருக்காரு." ஃபைட் கையைத் துடைத்துக்கொண்டான். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. என்னைக் கட்டிக்குங்க. தப்பு என் பேர்ல போயிடும், பட்டறையும் நிக்கும்."

"தப்பு மட்டுமா உன் பேர்ல போகும்? தகடும்ல போகும்!"

(ஃபைட்டை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். அவனுக்கு வரவில்லை. நல்லவன், அவளுக்கு வேண்டாதவன், அவ்வளவுதான்.)

4

முடிவு ஒன்று: செயலர் கத்திக்கொண்டே தாளைக் கிழிக்கிறார், பட்டறைக்குப் பூட்டு. ஆனால் என் தாளில் ஒரு கிழிசல்கூட இல்லையே.

முடிவு இரண்டு: செயலர் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு... எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முடிவு மூன்று: தகட்டைப் பின்னாலிருந்து தட்டி, வழித்து, மறுபடி செதுக்குகிறாள். அதற்கு இரண்டு நாள் ஆகும். குதிரையைக் கட்ட இரண்டு நாள் ஆகாது.

5

நேற்று சட்டத்தைக் கழற்றினேன். அது மறைத்திருந்த கீழ் ஓரத்தில் செதுக்கியவர் பெயர். வழக்கப்படி 'கெட்லரின் விதவை' என்றுதான் இருக்க வேண்டும். 'யூஃப்ரோசினா' என்று மட்டும் இருக்கிறது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவசரத்தில் தவறினாள் என்று எழுதியவன் நான்தானே. கணவர் பெயரையே எடுத்துவிட்டவளுக்குக் கேடயத்தை மாற்றவா தெரியாது?

செயலர் படியேறி வருகிறார். ஃபைட் இன்னும் அங்கேயே நிற்கிறான். ஈரத் தாள் அவள் கையில் இருக்கிறது. தயவுசெய்து மூன்றாம் பகுதிக்கு ஒருமுறை போய்வாருங்கள். "நல்லாப் பாரு" என்றாளே, அதை எந்தக் குரலில் சொன்னாள்? நீங்கள் சொன்ன பிறகுதான் கதவைத் திறப்பேன்.