நகரக் கூடாத பொத்தான்

சுமைக்காரர் சங்கத்துக்கு வாத்தியார் தர வேண்டியிருந்த தொகை அறுபத்து நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது. நூற்று நாற்பத்து மூன்று பேர், ஆளுக்கு நானூற்று ஐம்பது. அதில் ஒரு காசைக்கூட அவர் கையால் தொட்டதில்லை.

அவர் வாத்தியாரும் இல்லை. தானியக் கிடங்கில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியவர். நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகி, மற்றவர்களுக்குக் கடிதாசி படித்துச் சொல்லப்போக, கிண்டலாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. படிப்பு தந்த ஒரே வரும்படி சங்கச் செயலாளர் பதவி. அந்தப் பதவியோடு வந்தது எடைமேடைப் பக்கத்து நாற்காலி. செயலாளர் உட்கார்ந்து எடைச் சீட்டு எழுதலாம். மற்றவன் மூட்டைதான் தூக்க வேண்டும். முதுகில் இரண்டு டிஸ்க் நழுவிய பிறகு அந்த நாற்காலிதான் அவருக்குச் சோறு போட்டது.

சங்கத்தில் ஒரு விதி உண்டு. வசூலில் துண்டு விழுந்தால் அது செயலாளர் பேரில் கடன். அவர் மேல் தப்பில்லை என்று பொதுக்கூட்டம் ஒப்புக்கொண்டால் தள்ளுபடி. தப்பு அவருடையதுதான் என்றால் பதவியும் போகும், கடனும் நிற்கும்.

மாதச் சந்தாவை இணையத்தில் கட்டுவதற்கு ஏற்பாடு செய்தவள் அவர் மகள். கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. சங்கத்துக்குக் கூலி வாங்காமல் செய்தாள். பணம் கட்டும் பகுதியை அவள் எழுதவில்லை. வேறு யாரோ எழுதி வைத்த பிளகின் என்கிற ஆயத்த நிரல் ஒன்றை எடுத்துப் பொருத்தினாள். "வீட்டை நாம கட்டினாலும் பூட்டைக் கடையிலதானேப்பா வாங்கறோம், அந்த மாதிரி" என்று விளக்கினாள்.

பாதிப் பேருக்குப் படிக்க வராது. வாத்தியார் ஒவ்வொருவர் விரலையும் பிடித்துப் பழக்கினார். "கீழ தள்ளு. இன்னும் தள்ளு. முட்டிக்கிட்டு நிக்குதா? பச்சையா ஒண்ணு இருக்கு பாரு, அமுக்கு. ஒரு நம்பர் வரும். அதுக்குப் பணத்தை அனுப்பு, தீர்ந்தது வேலை." கண் தெரியாதவன் படியை எண்ணி ஏறுகிற மாதிரிதான். நூற்று நாற்பத்து மூன்று விரலும் வழிக்கு வர எட்டு மாதம் பிடித்தது.

வழிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகள் வந்து நின்றாள்.

"அப்பா, அந்தப் பிளகின்ல ஓட்டை இருக்காம். செஞ்சவங்களே சொல்லிட்டாங்க. வெளி ஆள் உள்ள பூந்து பக்கத்தை மாத்திடலாம். ஓட்டையை அடைச்சுப் புதுசு குடுத்திருக்காங்க. போட்டுடட்டுமா?"

"போடு. இதுக்கு என்னைக் கேக்கணுமா?"

"புதுசுல பொத்தான் மேல போயிடும். பச்சை இருக்காது, நீலம்."

வாத்தியார் அவசரமாகக் கையை ஆட்டினார். "வேணாம்மா. உசிரை விட்டுப் பழக்கி வச்சிருக்கேன். அது ஒரு விரக்கடை நகர்ந்தாலும் நம்மாளுங்க திருதிருன்னு முழிப்பாங்க. இந்த மாச வசூல் முடியட்டும்."

அடுத்த வாரமும் கேட்டாள். "நம்ம நானூத்தம்பதைத் தேடிக்கிட்டு எவன்டி வரப்போறான்? இது என்ன பெரிய பேங்க்கா?" என்று சிரித்தார்.

மூன்றாவது தடவை அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஆள் வந்து தேடறதில்லப்பா. மெஷின் தேடுது. பெரிய வீடு, சின்ன வீடெல்லாம் அதுக்குத் தெரியாது."

"பக்கம் சங்கத்தோடது. செயலாளர் நான். தொடாதே." அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஓட்டை வழியாக உள்ளே வந்தவன் எதையும் உடைக்கவில்லை. பச்சைப் பொத்தான் பச்சையாகவே அதே இடத்தில் இருந்தது. அமுக்கினால் வருகிற கணக்கு எண்ணை மட்டும் தன்னுடையதாக மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். படிக்கத் தெரிந்தவர்கள்கூட எண்ணைப் பார்க்கவில்லை. கால் ஒடிந்து கிடந்த ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்காகப் பணம் எடுக்கப் போனபோதுதான் அந்த மாதம் சங்கக் கணக்கில் சல்லிக்காசு ஏறவில்லை என்று தெரிந்தது. போலீஸ் விசாரித்தது. திருடனின் கணக்கு துடைத்து வைத்த பாத்திரமாக இருந்தது. அந்தப் பெயரில் ஆளே இல்லை.

பொதுக்கூட்டத்துக்கு முந்தின நாள் வாத்தியார் மகளிடம், "நடந்ததை நான் சொல்லிடறேன்" என்றார்.

"சொன்னா மறுபடி மூட்டை தூக்கணுமேப்பா. முதுகு தாங்குமா?"

"அது என் பாடு. உன் பேர் கெடக்கூடாது."

அவள் அம்மா காய் நறுக்குவதை நிறுத்தி இருவரையும் பார்த்தாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கிடங்கின் தகரக் கூரைக்குக் கீழே மூட்டைகள் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். உமித்தூசி எல்லார் தலையிலும் படிந்தது. கிரேன் ஓட்டுகிறவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"வாத்தியாரே, பாடம் பிரமாதம். திருடன் வீட்டுக்கு இவ்வளவு சுலபமா யாரும் வழி சொல்லித் தந்ததில்ல."

சிரிப்பு எழுந்து உடனே செத்தது. சிரித்தவர்களும் காசைப் பறிகொடுத்தவர்கள்தான்.

சங்கத் தலைவர் கேட்டார்: "சுத்தி வளைக்காம கேக்கறேன். இப்படி ஒரு ஓட்டை இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

வாத்தியார் எழுந்தார். முதுகில் ஒரு வெட்டு வெட்டியது. முன்னால் இருந்த மேசையைப் பிடித்துக்கொண்டார். தெரியும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதன் பின்னால் ஐம்பது கிலோ மூட்டைகள் வரிசை கட்டி நின்றன. வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

பின்வரிசையில் மகள் எழுந்தாள். "அப்பாவுக்குத் தெரியாதுங்க ஐயா. தகவல் எனக்குத்தான் வந்துச்சு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"ஓசியில செஞ்ச வேலை வேற எப்படி இருக்கும்?" என்றது ஒரு குரல்.

"என் மச்சான் கடைக்கும் இந்தப் பொண்ணுதான் பக்கம் செஞ்சு குடுத்திருக்கு" என்றார் கிரேன்காரர். "இருங்க, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்." செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வாத்தியார் மகளைப் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கீழே சிந்திக் கிடந்த தானியத்தைச் செருப்பு நுனியால் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல்லலாம். தள்ளுபடிக்குச் சம்மதிக்கிறவர்களைத் தலைவர் கைதூக்கச் சொன்னபோதும் நேரம் இருந்தது. எழுபது, எழுபத்தொன்று என்று எண்ணிக்கொண்டு போனபோதும் இருந்தது. நூற்றுப் பதினாறில் எண்ணி முடித்தார்கள்.

"சின்னப் பொண்ணு, தெரியாம நடந்துபோச்சு. வாத்தியார் மேல தப்பில்ல. பக்கத்தை மூடிடுவோம், இனிமே கையில வசூல்." தலைவர் நோட்டைப் பிரித்து, தொகையின் மேல் குறுக்கே கோடிழுத்து, ஓரத்தில் 'தள்ளுபடி' என்று எழுதி, வாத்தியார் பக்கம் திருப்பினார். "இங்க ஒரு கையெழுத்து."

வாசல் பக்கம் மகளின் போன் அடித்தது. "சொல்லுங்க... புரியுதுங்க... இல்லங்க, பரவாயில்ல, நீங்க வேற ஆளையே பாத்துக்குங்க." குரல் படியிறங்கிப் போனது.

வாத்தியார் கையெழுத்துப் போட்டார். தலைவர் மை காய ஊதிவிட்டு நோட்டை மூடினார்.