மடியில் சிக்கிய காய்

விடியுமுன்பே ஏலக்காய் மூட்டை அடுக்கிய கிட்டங்கியின் இரும்புக் கதவு திறந்துவிடும். போடி மலையிலிருந்து இறங்கிய குளிர் சிமெண்டுத் தரையில் அப்படியே கிடக்கும். அதன்மேல் சாக்கை விரித்து, காலை மடக்கி, முறம்போன்ற சொளகை மடியில் வைத்துப் பெண்கள் உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க முடியாது. ஏலக்காயின் காம்பைக் கிள்ள வேண்டும். பச்சை வேறு, வெளுத்தது வேறு, வெடித்தது வேறாகப் பிரிக்க வேண்டும். விரல்நுனி காய்த்துப் போகும், கண் எரியும், இடுப்பு மரத்துவிடும். ஊருக்கெல்லாம் மணக்கிற காய், பிரிக்கிறவளுக்குத் தொண்டையைக் கமறவைக்கும் தூசி.

ஜன்னலோரம் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த கிருபாவதி பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவள் பதிந்த அட்டை, புதுப்பித்துப் புதுப்பித்து மடிப்பில் கிழிந்துவிட்டது. தேனி வழியாக மதுரைக்குப் பஸ் ஏறி அவள் எழுதாத தேர்வு இல்லை. எழுத்தில் முன்னால் நிற்பாள். நேர்முகத்துக்குப் போனால், சொல்லிவிட ஆள் உள்ளவர்கள் அவளைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவளுக்காகச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அப்பா செத்ததும் பஜாரிலிருந்த கடை போயிற்று. அம்மா படுத்த படுக்கை. கஞ்சி காய்ச்சியாக வேண்டுமே என்று, எட்டாவது படித்திருப்பதாகப் பொய் சொல்லித்தான் கிட்டங்கியில் சேர்ந்தாள். படித்தவளைச் சேர்த்தால் சட்டம் பேசுவாள் என்று முதலாளிகளுக்குப் பயம். கூட இருந்த பெண்களுக்கு உண்மை தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

இப்போது, வயது வரம்பு முடியப்போகிற நேரத்தில், மதுரையில் ஒரு பொதுத்துறைக் கழகத்தில் நிர்வாக அதிகாரி வேலைக்கு அவள் தேர்வாகியிருந்தாள். போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. ஸ்டேஷனில் பேர் அடிபடாமல் இருந்தால் உத்தரவு வந்துவிடும். இது கைநழுவினால், இனி விண்ணப்பம் போடவே வயது கிடையாது. அந்தப் பயத்தில் அவள் ராத்திரி தூங்கியே பல நாள் ஆயிற்று.

அன்று மதியம் சோற்றுக்கு எழுந்தபோதுதான், கூட வேலை செய்யும் கைப்பிள்ளைக்காரி பொன்னாத்தாள் மாட்டினாள்.

மடியில் சொளகு இருந்தால் சேலைக் கொசுவத்தில் நாலு காய் சிக்கத்தான் செய்யும். எழுந்திருக்கும்போது சேலையைச் சொளகிலேயே உதறிவிட்டுப் போவது எல்லோருக்கும் பழக்கம். அது போதாதென்று, போன மாதத்திலிருந்து வாசலில் காவல்காரன் முன்னால் கொண்டையை அவிழ்த்து, சேலையை உதறிக் காட்ட வேண்டும் என்று புது விதி. ஆம்பளை முன்னால் அவிழ்க்க மாட்டோம் என்று முதலில் கேட்டவள் பொன்னாத்தாள். இந்த மதியம் அவள் எழுந்த நேரம் பார்த்து, வெளியே வேப்பமரத்துத் தொட்டிலில் அவள் பிள்ளை வீறிட்டது. உதறாமல் ஓடினாள். வாசலில் அவள் கொசுவத்திலிருந்து காய் உதிர்ந்தது. திருடி என்று வெளியே தள்ளினார்கள்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வைகுண்டராஜ் தன் அறைக்குக் கிருபாவதியைக் கூப்பிட்டார். சேலையை உதறக்கூடத் தோன்றாமல் அவள் எழுந்து போனாள்.

"வாங்கம்மா எம்.ஏ.! காலையில ஏட்டு வந்து ஒன்னப் பத்தி விசாரிச்சிட்டுப் போனாக. எட்டாவதுன்னு சொல்லி எம்புட்டு நாளா என்னைய ஏமாத்தியிருக்க!"

"எம்.ஏ.ன்னு சொன்னா சேத்திருப்பீகளா மொதலாளி?"

"சேத்திருக்க மாட்டேன்." அவர் சிரித்தார். "அது கெடக்கட்டும். பொன்னாத்தா ரொம்ப நாளா திருடுறா, நீ கண்ணால பாத்தேன்னு ஏட்டுகிட்டச் சாட்சி சொல்லு. நான் ஒன்னப் பத்தி நல்லவிதமாச் சொல்றேன். அடுத்த மாசம் நீ மதுரையில காத்தாடிக்கு அடியில உக்காந்திருப்ப."

"அவ திருடல. புள்ள அழுகுதுன்னு ஓடுனா."

"எனக்குத் தெரியாதா? இன்னைக்கு அவள விட்டா, நாளைக்கு அம்புட்டுப் பேரும் கேள்வி கேப்பீக."

"நான் சொல்ல மாட்டேன்னா?"

"நீயும் அவளும் கூட்டுன்னு நான் சொல்லுவேன். ஸ்டேஷன்ல பேரு ஏறுனா சர்க்கார் வேலை என்னாகும்னு படிச்சவளுக்கு நான் சொல்லணுமா?"

 சாட்சி சொல்லிவிடலாமா என்று கிருபாவதி ஒரு நொடி நினைக்கத்தான் செய்தாள். அம்மாவின் முதுகுப் புண்ணை நினைத்தவளுக்கு வேறென்ன தோன்றும்? அறையை விட்டு வெளியே வந்தாள்.

கிட்டங்கி காலியாகக் கிடந்தது. சொளகுகள் தரையில் இருந்தன. பெண்கள் சேலையை உதறாமல், சோதனைக்கும் நிற்காமல் வாசலைத் தாண்டிப்போய்த் தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் பொன்னாத்தாள், மடியில் பிள்ளை.

"அவள உள்ள விடணும், ஆம்பளை சோதனை நிக்கணும். அதுவரைக்கும் ஒருத்தியும் காயத் தொட மாட்டா" என்று ஜக்கம்மாள் கத்திக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் மூத்த வேலைக்காரி அவள். கிருபாவதியைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினாள். "நீ வீட்டுக்குப் போ தாயி. இங்கன நிக்காத."

அவள் போகவில்லை. ஓரமாக உட்கார்ந்தாள். ஆனால் மனசு உட்காரவில்லை.

ஏட்டு கர்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னாலேயே வைகுண்டராஜ் வந்து நின்றார். "எல்லாரு பேரையும் எழுதும் ஏட்டய்யா. திருட்டுக் கேஸு."

ஏட்டு நோட்டைத் திறந்தார். கிருபாவதியைப் பார்த்ததும் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒன் காகிதம் என் மேசையிலதான் கெடக்கு. எந்திரிச்சுப் போயிரும்மா. நான் ஒன்னையப் பாக்கல."

"போ தாயி" என்றாள் பொன்னாத்தாளும். "நீ ஒருத்தியாவது தப்பிச்சுப் போயிரு."

கிருபாவதி எழுந்தாள்.  எழுந்தவள் பழக்கத்தில் சேலையை உதறினாள். கொசுவத்திலிருந்து ஒரு பச்சைக் காய் ஏட்டின் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது.

எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். 

"நானும் திருடிதான் ஏட்டய்யா. எழுதிக்கங்க."

ஜக்கம்மாள் எழுந்து சேலையை உதறினாள். ரெண்டு காய் விழுந்தது. அடுத்தவள் எழுந்தாள். அதற்கடுத்தவள். தெருப் புழுதியில் பச்சையும் வெளுப்புமாக ஏலக்காய் உதிர்ந்துகொண்டே இருந்தது.

"பாத்தீரா? அம்புட்டும் களவாணிக!" என்று கத்தினார் வைகுண்டராஜ்.

"அம்புட்டுப் பேரையும் வெளிய தள்ளுங்க மொதலாளி" என்றாள் கிருபாவதி. "நாளைக்கு ஏலம் விடுறதுக்குக் காயப் பிரிக்கிறது யாரு? நீங்களும் காவக்காரருமா உக்காந்து பிரிப்பீகளா?"

முதலாளி ஏட்டு பக்கம் திரும்பினார். 

ஏட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. எழுதிட்டா பேரை அடிச்சுத் திருத்த முடியாது."

மதுரை ஆபீசும் காத்தாடியும் அம்மாவின் படுக்கையும் அவள் கண்முன் வந்து போயின.  பொன்னாத்தாள் பிள்ளையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் ஒதுக்கினாள். கிருபாவதி அங்கே போய் உட்கார்ந்தாள்.

"கிருபாவதி" என்றாள். ஏட்டு எழுதத் தொடங்கினார். "எம்.ஏ.ன்னும் சேத்து எழுதுங்க."