செப மணி அடித்தபோது நகர்ந்த சிப்பாய்

என் பெயர் கிளைட்டன். வயது இருபத்து மூன்று. மாலத்தீவில், மாலே துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஆறு பேர் தங்கும் அறையில் இருக்கிறேன். தூத்துக்குடித் தோணி ஒன்று இன்று காலை இங்கே வெங்காயம் இறக்கியது. மூட்டையில் நம் ஊர்ப் பெயரைப் பார்த்ததிலிருந்து வேலை ஓடவில்லை. கீழவைப்பாரில் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

லீவு முடிய இரண்டு நாள் இருந்தது. அனிஷா அக்கா நாடு நாடாகப் போய்ச் செஸ் ஆடுகிறவள். செஸ் பலகையை விரித்து, செஸ் ஆடும் மெஷின் ஓடுகிற லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"ஏலே, இது சொல்லுத காயை நீ நவட்டு. இது என்னை ஜெயிச்சா நீ மாலேக்குப் போ. ஜெயிக்கலன்னா இங்கனயே இரி."

"அது தப்பே பண்ணாதுக்கா."

"பண்ணாட்டிப் போகட்டும். நானும் தப்புப் பண்ணலன்னா அது எப்படில ஜெயிக்கும்? ரெண்டு பேரும் சரியா ஆடுனா சமத்துலதான் முடியும்னு பெரிய ஆட்டக்காரங்களே நினைக்காங்க. யாரும் இன்னும் கணக்குப் போட்டு முடிக்கல."

"சோறு ஆறுது. மெஷினுக்குப் பசிக்காது, உங்களுக்குமா?" என்றாள் அம்மா.

நான் ஒத்துக்கொண்டேன். தெருவில் எல்லோரும் வழியனுப்பியாகிவிட்டது. போகவில்லை என்று என் வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. அக்கா தோற்காமல் இருந்தால் போதும், சொல்லாமலே தங்கிவிடலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, பலகையில் ஆளுக்கு ஒரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சியிருந்தன. மெஷின் யானையை நகர்த்தச் சொன்னது. அப்போது கோவிலில் மூவேளை செப மணி அடித்தது. அம்மாவும் அக்காவும் எழுந்து கண்ணை மூடினார்கள். நானும் எழுந்தேன், கண்ணை மூடவில்லை. யானையை விட்டுவிட்டு ஒரு சிப்பாயைத் தள்ளி வைத்தேன்.

சிலுவை போட்டுவிட்டு அக்கா உட்கார்ந்தாள். பலகையையே பார்த்தாள்.

"இது சும்மா வெட்டு வாங்குத சிப்பாய்லா? எந்த மெஷின்லே இப்படித் தள்ளும்? செபத்துக்கு நிக்கும்போதா நவட்டுன?"

"ஆமா."

"அடப்பாவி, மாதா பாத்துட்டு இருந்திருப்பா!" என்று அம்மா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. சிப்பாயைப் பழைய இடத்தில் வைத்தாள்.

"அது சொன்னதை நவட்டு."

நவட்டினேன். அதற்கப்புறம் பதினோரு நகர்த்தல் தாக்குப்பிடித்தாள். பன்னிரண்டாவதில் ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டாள். அவ்வளவுதான். மெஷின் அதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது.

"தோத்துட்டம்லே," என்று எழுந்து உள்ளே போனாள். செவ்வாய்க்கிழமை நான் கிளம்பினேன்.

தோற்றது ஆட்டத்தில்தான், அக்கா. எனக்கு அன்றைக்கும் போக மனசில்லை, இன்றைக்கு இங்கே இருக்கவும் மனசில்லை. டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துக் கேட்கிறார்கள். இதை வாசிப்பது அம்மாவோ அக்காவோ, யாராக இருந்தாலும், பந்தயம் எதுவும் வைக்காமல், "வந்துருலே" என்று ஒரு தடவை போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள்.